கன்னத்து எச்சிலும் கெர்ரி மாவட்டமும்

ஆகஸ்ட் 3, வியாழன்

கூரியர்காரர் கொடுத்த பொட்டலம் சோப்புப் பெட்டி அளவுதான். அதற்குள் அயர்லாந்தே இருக்கிறதாம்! பெர்த்திலிருந்து ஷார்லின் அனுப்பியிருக்கிறாள், என் வீட்டுக்காரரின் அண்ணன் டென்சிலின் மகள். உள்ளே பஞ்சு சுற்றிய குச்சிகள், குப்பிகள், ஒரு தாள். கன்னத்தின் உட்புறம் குச்சியைத் தேய்த்துக் குப்பியில் போட்டு அனுப்பினால், ஹானஃபின் என்ற எங்கள் குடும்பப் பெயர் அயர்லாந்தில் எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்று கண்டுபிடித்துவிடலாமாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் மணப்பாறை அமலோற்பவம். பொன்மலை ரயில்வே காலனிக்கு வாக்கப்பட்டு, மாமியார் வாயில் நுழையாததால் ஏமி ஆனவள். வேலை பார்த்த காலமெல்லாம் 'அ. ஹானஃபின், தமிழாசிரியை' என்று கையெழுத்துப் போட்டேன். புதிதாக வரும் ஒவ்வொரு தலைமையாசிரியரும் "இதென்ன டீச்சர் பேரு, ஊசி மருந்து மாதிரி?" என்பார். எனக்கும் தெரியாது. இப்போது தெரியப் போகிறது!

இவரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். ரயில் ஓட்டி ரிட்டயரான மனிதர், வாசல் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"வேணாம் ஏமி. எடுத்து உள்ள வை."

"ஏன் வேணாம்? வலிக்கவா போகுது?"

"வேணாம்னா வேணாம் மேன்."

எங்கள் வீட்டில் பெண்டாட்டியும் மேன்தான். கோபம் வந்தால் மட்டும்.

ஆகஸ்ட் 5, சனி

ஷார்லினோடு வீடியோவில் பேசினேன். தமிழ் பேசச் சிரமப்படுவாள், ஆனால் எனக்காகப் பேசுவாள். இந்தச் சோதனை அப்பா வழியை மட்டும் பார்க்குமாம். அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று ஆண்கள் உடம்பில் மட்டும் ஒன்று மாறாமல் இறங்கி வருகிறது. குடும்பப் பெயரும் அதே வழியில்தானே வருகிறது. அயர்லாந்தில் ஹானஃபின் பெயருள்ளவர்கள் பலர் ஏற்கெனவே எச்சில் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு ஆண் ஒருவர் கொடுத்தால் ஒத்துப் பார்ப்பார்கள்.

"அப்ப உங்க அப்பா குடுத்தா போதாதா?"

"குடுத்தாரு ஆன்ட்டி, ரெண்டு வருஷம் முன்னாடி. ரிசல்ட் தப்பா வந்துச்சு. ஐரிஷே இல்ல, சவுத் இந்தியான்னு வந்துச்சு. லேப்ல மாத்திட்டாங்கன்னு டாடி சொல்றாரு. அதான் அங்கிள் செய்யணும்."

டென்சில் சவுத் இந்தியாவா! பூனைக்கண்ணும் சிவந்த தோலுமாக இருக்கிற மனிதர். பெர்த்தில் பொன்மலைக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர். "ஆங்கிலோ இந்தியன்னா அப்பா வழிதான் கணக்கு, சட்டத்துலயே இருக்கு" என்று மேடையில் பேசுகிறவர். கேப்டன் ஹானஃபின் என்ற முப்பாட்டன் வாளோடு கப்பலிறங்கிய கதையை அவர் வாயால் கேட்காதவர் காலனியில் இல்லை. லேப்தான் மாற்றியிருக்கும். வேறென்ன?

போனை வைத்த பிறகுதான் இன்னொன்று தோன்றியது. இவர் ஏன் பயப்படுகிறார் என்று.

இவர் கறுப்பு. எங்கள் மணப்பாறை வெயிலில் நின்றவனும் இவர் பக்கத்தில் வெளுப்பாகத் தெரிவான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் மாமியார் மூரியலுக்கு மட்டும் பெரியவன்தான் பொன், சின்னவன் கரி. "நீ யாருக்குப் பொறந்தியோ" என்று சொந்தத் தாயே விளையாட்டாகச் சொல்வாராம். டென்சில் அதைப் பிடித்துக்கொண்டார். என் கல்யாண விருந்திலேயே, கையில் கிளாசோடு, "அம்மா இவனை கூட்ஸ் வண்டியிலேர்ந்து பொறுக்குனாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் மட்டும் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆக, இந்தக் குச்சி வெறும் குச்சி இல்லை. இவர் அப்பா சிரில் ஹானஃபினுக்கு இவர் மகன்தான் என்று உலகமே ஒத்துக்கொள்ளும்படி சொல்லப் போகிற சாட்சி. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மாமனாரின் நடை, மாமனாரின் தும்மல், இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் அந்தக் காது. சந்தேகம் இல்லை என்று எழுதிவிட்டேன். இனி அதை அடித்துத் திருத்த மாட்டேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கொடுத்துவிட்டார்! பூசை முடிந்து வந்ததும் தானே குளியலறைக்குள் போய்த் தேய்த்து, குப்பியை மூடி என் கையில் கொடுத்தார். கல்லுளிமங்கனுக்குத் திடீரென்று என்ன ஞானோதயமோ. சந்தையில் கால் கிலோ இறால் கூட வாங்கினேன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

போச்சு. எச்சிலே இல்லையாம். "மாதிரியில் எதுவும் அகப்படவில்லை" என்று ஷார்லினுக்குக் கடிதம் வந்திருக்கிறது. வெந்நீரில் அலசின குச்சி போல இருந்ததாம்.

இவர் சீட்டியடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அன்றைக்குக் குளியலறையில் வெந்நீர்க் குழாய் ஓடிய சத்தம் இப்போது ஞாபகம் வருகிறது. அடப்பாவி மனுஷா!

செப்டம்பர் 9, சனி

இரண்டாவது பெட்டி நேற்றே வந்துவிட்டது. நான் மூச்சுவிடவில்லை, அரிசி டிரம்முக்குள் வைத்தேன்.

இன்று மதியம் மஞ்சள் சோறு, பால் கறி. உருண்டை உருண்டையாகக் கைமா பிடித்துத் தேங்காய்ப்பாலில் போடுகிற இந்த வீட்டுக் கறியை இவர் தின்றால் ஒரு மணி நேரத்தில் சாய்ந்துவிடுவார். சாய்ந்தார். வாய் திறந்து குறட்டை வந்தது. வாய் கொப்புளித்துவிட்டுத்தான் படுத்தார், அதையும் கவனித்துக்கொண்டேன். குச்சியை மெல்ல உள்ளே விட்டேன். இடது கன்னம் முடிந்தது. வலது கன்னத்துக்குப் போகும்போது "சிக்னல் விழுந்துருச்சா?" என்றார் தூக்கத்தில். "விழுந்துருச்சுங்க, போங்க" என்றேன். மறுபடி குறட்டை. சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடி வாயில் துணியை வைத்துக்கொண்டேன்.

பெண்டாட்டி புருஷன் வாயிலிருந்து திருடலாமா? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும். எல்லாம் அவர் நன்மைக்குத்தான்.

செப்டம்பர் 22, வெள்ளி

கெர்ரி என்ற ஒரு மாவட்டம். ஹானஃபின்கள் அங்கேதான் அதிகம் என்கிறாள் ஷார்லின். கைப்பேசியில் படம் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் பச்சை, மழை, மாடு. காவிரியில் தண்ணீர் இல்லாத இந்த வருஷத்தில் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

அக்டோபர் 3, செவ்வாய்

இன்னும் வரவில்லை. முறுக்கு பிழிந்தேன். உப்பு கூடிப்போச்சு.

அக்டோபர் 14, சனி

வந்துவிட்டது! வந்துவிட்டது! எழுத்து கோணுகிறது, இருக்கட்டும்.

காலையில் ஷார்லின் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அங்கிள் மேட்ச் ஆயிட்டாரு. கெர்ரி ஹானஃபின்ங்களோட. ஒருத்தரோட ரொம்ப க்ளோஸ். மைக்கேல்னு ஒரு ஃபார்மர்." நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கரி என்றீர்களே, கூட்ஸ் வண்டி என்றீர்களே, இந்தாருங்கள், அசல் ஹானஃபின்! கெர்ரி மண்ணே வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறது!

ஷார்லின் மெதுவாக, "அப்ப டாடி ரிசல்ட்டும் கரெக்ட்தான் ஆன்ட்டி. ஒரே அப்பான்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணாதானே வரணும்?" என்றாள். டென்சிலிடம் இன்னும் சொல்லவில்லையாம். தினமும் கேட்கிறாராம்.

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. உறைத்ததும் என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். சந்தோஷப்பட்டேன். ஒரு படி கூடவே சந்தோஷப்பட்டேன்.

இவரிடம் சொன்னேன், தூக்கத்தில் திருடியதையும் சேர்த்து. முகம் மலரும் என்று பார்த்தால், கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"டென்னுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. சொன்னா என்ன?"

எழுந்து வெளியே போய்விட்டார். சாப்பிட வரவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

மைக்கேல் கெர்ரியிலிருந்து வீடியோவில் வந்தார்! ஷார்லின்தான் ஏற்பாடு. இவர் வர மாட்டேன் என்றார். "உங்களுக்காக இல்ல, அந்த மனுஷன் மாடு கறக்கறத விட்டுட்டு உக்காந்திருக்காரு" என்று இழுத்து வந்தேன்.

திரையில் சிவந்த முகம், ரப்பர் பூட்ஸ், பின்னால் மழை. முதலில் என் கண்ணில் பட்டது காது. இரண்டு பக்கமும் விரிந்த அதே காது! என் வீட்டுக்காரரின் காதைப் பிடுங்கி வெள்ளைக்காரனுக்கு ஒட்டினாற்போல. நான் "ஐயோ" என்றேன். மைக்கேலும் அதே நேரத்தில் இவர் காதைப் பார்த்து ஏதோ கத்தினார். அவர் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. இங்கிலீஷிலேயே பிறந்து வளர்ந்த இவருக்கும் பாதிதான் புரிந்தது.

புரிந்தவரை இது: மைக்கேலின் முப்பாட்டனுக்கு மோரிஸ் என்று ஒரு தம்பி இருந்தான். ஒரு நாள் காலையில் அவனையும் காணோம், பக்கத்து வீட்டுக்காரன் குதிரையையும் காணோம். இரண்டும் திரும்பி வரவில்லை. பிறகு மெட்ராஸிலிருந்து ஒரே ஒரு கடிதம், ரயில்வேயில் வேலை என்று.

"குதிரைத் திருடன்!" என்றேன். கேப்டனும் இல்லை, வாளும் இல்லை. இவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நேற்றிலிருந்து முதல் சிரிப்பு. மைக்கேல் போனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய் ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லிக் காட்டினார். இவரும் ஒவ்வொரு மாட்டுக்கும் குட்மார்னிங் சொன்னார்.

அக்டோபர் 16, திங்கள்

ஜெராக்ஸ் கடையில் முடிவுத் தாளைக் கலரில் எடுத்து லேமினேட் செய்தேன். 'டெரன்ஸ் ஹானஃபின்' என்று இவர் பெயர் மேலே பெரிதாக இருக்கிறது. கூடத்தில் மாமியார் படத்துக்கு நேர் எதிரில் ஆணியடித்து மாட்டினேன். அவரும் பார்க்கட்டும்.

மாலையில் ஷார்லின் செய்தி: டாடி கல்லறைத் திருநாளுக்கு வருகிறார், டிக்கெட் போட்டாச்சு. வரட்டும், வரட்டும். கூடத்துக்குள் காலை வைத்ததும் கண்ணில் படுகிற உயரத்தில்தான் மாட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

காலையில் பார்த்தால் ஆணி மட்டும் இருக்கிறது. தாள் அலமாரிமேல் கவிழ்த்து வைத்திருந்தது. எனக்கு வந்ததே கோபம்.

"ஏன் எடுத்தீங்க? காலம் பூரா ஒங்கள மிதிச்சாங்க. இப்ப கடவுளாப் பாத்து ஒரு தாளைக் கொடுத்திருக்காரு. அதையும் கவுத்து வைப்பீங்களா?"

இவர் அடுப்பில் மிளகுத் தண்ணி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"எனக்கு இது முன்னாடியே தெரியும் ஏமி."

"என்ன தெரியும்?"

"டென் அப்பாவுக்குப் பொறக்கலன்னு. அப்பாவே சொன்னாரு, சாகறதுக்கு மொத நாள், ரயில்வே ஆஸ்பத்திரில."

பிறகு நின்றபடியே சொன்னார். மாமனார் ஸ்டீம் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்தபோது கூட வேலை பார்த்தவர் ராயப்பன். உயிர்ச் சிநேகிதர். மூரியலும் ராயப்பனும் கட்டிக்கொள்வதாக இருந்தார்கள். யார்டில் இரண்டு பெட்டிக்கு நடுவே மாட்டி ராயப்பன் செத்துப்போனார். அப்போது மூரியல் வயிற்றில் மூன்று மாதம். அடுத்த மாதமே மாமனார் மோதிரத்தோடு போய் நின்றாராம்.

"டென்னுக்கு நெறமும் கண்ணும் அம்மாவோடது, ஜாடை ராயப்பனோடது. அம்மாவுக்கு அவனைப் பாத்தா அந்த ஆளைப் பாக்கற மாதிரி. என்னைப் பாத்தா அப்பாவைப் பெத்த பாட்டி நெறம். அதுக்கு அம்மா என்னா பண்ணுவாங்க?"

"டென்சில் ஒங்கள அப்படிப் பேசும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"அப்பா கையப் பிடிச்சிக்கிட்டு சொன்னாரு மேன். 'அவன் மூத்தவன். எப்பவும் மூத்தவனாவே இருக்கட்டும்'னு. அதுக்கப்புறம் நான் என்னத்த வாயத் தெறக்க?"

அதனால்தான் வெந்நீரில் அலசினாராம். இரண்டாவதும் கெட்டுப்போச்சு என்று டென்சிலிடம் சொல்லிவிடும்படி ஷார்லினைக் கேட்கச் சொல்கிறார்.

மிளகுத் தண்ணி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, துடைத்தேன். இத்தனை வருஷம் இந்த மனிதருக்கு ரோஷம் இல்லை என்று நினைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

அக்டோபர் 18, புதன்

ஷார்லினிடம் பேசினேன். அழுதாள். சரி என்றாள். மைக்கேலுக்கும் இப்போதைக்கு எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆணியைப் பிடுங்கினேன். காரை பெயர்ந்துவிட்டது. லேமினேட் செய்த தாளைக் கிழிக்க முடியவில்லை, கத்தரிக்க மனசும் வரவில்லை. துணிப்பையின் அடியில் போட்டேன். உலகத்திலேயே பெரிய நல்ல சேதியை வைத்துக்கொண்டு ஒருத்தரிடமும் சொல்லக் கூடாது என்றால், என்னைப் போன்றவள் என்ன செய்வாள்? ஹானஃபின்களின் கதையை எல்லாம் இந்த நோட்டுக்குத்தான் சொல்கிறேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

டென்சில் வந்துவிட்டார். பார்த்ததும் திக்கென்றது. பாதியாக இளைத்திருக்கிறார். குரல் மட்டும் பழைய குரல். கூட்ஸ் வண்டி என்பார், கரி என்பார் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. தம்பியைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை. சாப்பிடும்போது, "ரெண்டாவது டெஸ்ட்டும் ஊத்திக்கிச்சாமே?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா டென். என் எச்சில் அவ்ளோ மோசம்" என்றார் இவர்.

நான் பால் கறியில் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 2, வியாழன். கல்லறைத் திருநாள்

நேற்றே நாங்கள் மூன்று பேருமாகப் போய் மாமனார் மாமியார் கல்லறைக்கு வெள்ளையடித்து வந்தோம். இன்று மாலை பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போனோம். கல்லறைத் தோட்டம் திருவிழாப் போல இருந்தது. சம்பங்கி வாசனை, சாம்பிராணிப் புகை, பிள்ளைகள் ஓட்டம், வெளியே கடலை வண்டி. மழை வரும் போலக் காற்று.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. அப்பா கல்லறையில் முதல் மெழுகுவர்த்தியை மூத்த மகன்தான் ஏற்ற வேண்டும். டென்சில் வராத வருஷங்களில்கூட இவர் முதலில் ஒன்றை ஏற்றி, "இது டென்னோடது" என்று சொல்லிவிட்டுத்தான் தன்னுடையதை ஏற்றுவார்.

இன்று டென்சில் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு அதைத் தம்பியிடம் நீட்டினார்.

"நீ ஏத்து டெரி."

"என்னா புதுப் பழக்கம்? ஏத்து மேன்."

"இல்லடா. இது ஒன்னோடது." கல்லறையைப் பார்த்தபடியே சொன்னார். "லேப் மாத்தலடா. நான் மறுபடி ரெண்டு எடத்துல குடுத்துப் பாத்தேன். ரெண்டும் அதேதான் சொல்லுச்சு. ரெண்டு வருஷமா தெரியும். நான் அப்பாவுக்குப் பொறக்கல."

இவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்புறம் ஏன் இவர எச்சில் குடுக்கச் சொன்னீங்க பிரதர்?" என்று நான்தான் கேட்டேன். சும்மா இருக்க என்னால் முடியுமா?

"பயம் ஏமி. நானும் இல்ல. சின்ன வயசுலேர்ந்து இவனையும் யாருக்குப் பொறந்தானோன்னு பேசிப் பேசி… நெசமாவே இவனும் இல்லன்னு ஆயிட்டா, அந்த நல்ல மனுஷனுக்கு ஒருத்தன்கூட இல்லாம போயிடுமே. இவனாவது இருக்கணும்னு ஜெபமாலை உருட்டாத நாள் இல்ல. அதுவும் ரெண்டு தடவையும் கெட்டுப் போச்சு."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். லேசாகத் தலையசைத்தார்.

"கெட்டுப் போகல பிரதர்" என்றேன். சொன்னதும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. "மேட்ச் ஆயிட்டாரு! கெர்ரில காது மொதக்கொண்டு மேட்ச்!"

டென்சில் முகத்தை நான் மறக்க மாட்டேன். தோற்ற முகமே இல்லை. பத்தாவது பாஸான பிள்ளையின் அப்பா முகம். "நெசமாவா? நெசமாவா மேன்?" என்று தம்பியின் இரண்டு காதையும் பிடித்து ஆட்டினார். பிறகு அப்படியே நின்று, "நான் ஒன்னய என்னல்லாம் சொல்லிருக்கேன்டா" என்று அழுதார். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"அந்தக் கேப்டன்?" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"கேப்டன் இல்ல டென். குதிரைத் திருடன்."

"அப்பாடா. அவன் ஒன் தாத்தா. நான் தப்பிச்சேன்."

மூன்று பேரும் கல்லறைமேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடிந்ததும் இவர் தீப்பெட்டியை டென்சில் கையில் திணித்து விரல்களை மூடினார்.

"யாரு தெரியுமா ஒன் அப்பா, வீட்டுக்குப் போயிச் சொல்றேன். நல்ல ஆளு, அப்பாவோட உயிர் சிநேகிதன். ஆனா இங்க படுத்திருக்கறவரு கடைசியா என்கிட்ட சொன்னது ஒண்ணுதான். 'அவன் மூத்தவன். எப்பவும் மூத்தவனாவே இருக்கட்டும்'னாரு. ஏத்து மேன், மழ வரப் போவுது."

டென்சில் குச்சியைக் கிழித்தார். ஒன்று பற்றவே இல்லை, ஒன்று காற்றில் அணைந்தது. மூன்றாவது பற்றி, மெழுகுவர்த்தி திரி படபடத்தது. நான் பூ கொண்டுவந்த துணிப்பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். அடியில் கிடந்த லேமினேட் தாள் அகப்பட்டது. எடுத்து வளைத்து, காற்று வருகிற பக்கம் மெழுகுவர்த்தியைச் சுற்றி நிறுத்திப் பிடித்தேன். சுடர் நிமிர்ந்து நின்றது.

"என்னா அது ஏமி?" என்றார் டென்சில்.

"காத்துக்கு மறைப்பு, பிரதர்" என்றேன்.

அவர் குனிந்து, வெளிச்சத்தில் தெரிந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு தன் மெழுகுவர்த்தியிலிருந்தே தம்பியுடையதை ஏற்றிக் கொடுத்தார். மழை வரும்வரை இரண்டும் எரிந்தன.

நவம்பர் 3, வெள்ளி

மைக்கேலுக்கு எழுதச் சொன்னார்கள், எழுதியாச்சு: வருகிற ஜூனில் மாடு பார்க்க வருகிறோம், அண்ணன் தம்பி இரண்டு பேரும். நானும்தான். தாள் ஓரத்தில் கருகிவிட்டது, மெழுகு வேறு ஒட்டியிருக்கிறது. சுரண்ட வேண்டாம் என்றார் இவர்.